இருந்த பொருள், உருவான பொருள்: வேதி விபத்துக்குப்பின் ஆபத்தை மதிப்பிடும் முறை

தொழிற்சாலையில் தீயோ வாயுக் கசிவோ நேர்ந்து, அதில் சிக்கியவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, “அங்கே என்ன வேதிப்பொருள் இருந்தது?” என்பதாகும். “ஆசிட்”, “தின்னர்”, “பிளீச்சிங் பவுடர்” என்று ஏதேனும் ஒரு பெயர் விடையாகக் கிடைக்கும். அந்தப் பெயர் எங்களுக்கு மிகவும் தேவையானது. ஆயினும் அதைக் கேட்டபின் உடனே இரண்டாவது கேள்வியையும் கேட்போம்: “அது எரிந்ததா? வேறு எதனுடனாவது கலந்ததா? சூடேறியதா?”

உயிர் போகும் அவசரத்தில் இத்தனை கேள்விகள் எதற்கு என்று உறவினர்கள் சலித்துக்கொள்வது உண்டு. அந்தச் சலிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால், விபத்துக்கு முன் பீப்பாயில் இருந்த பொருளும் விபத்தின்போது மனிதரின் நுரையீரலுக்குள் சென்ற பொருளும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வெப்பமும் நீரும் வேறொரு வேதிப்பொருளும் சேரும்போது புதிய நச்சுப் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றின் பெயர் எந்தப் பீப்பாயின் மேலும் ஒட்டப்பட்டிருக்காது. அவற்றால் விளையும் ஆபத்தை மருத்துவர்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், அதில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

புதிய நச்சுப்பொருள் பிறக்கும் மூன்று வழிகள்

முதல் வழி எரிதல். மின்கம்பியின் மேலுறையாகவும் குழாய்களாகவும் பயன்படும் பிவிசி நெகிழியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் உள்ளது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு வெளிப்படுகிறது. மெத்தை, இருக்கை ஆகியவற்றில் உள்ள பாலியூரித்தேன் நுரையும், நைலானும், கம்பளியும் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உருவாகலாம். காற்றோட்டம் போதாத இடத்தில் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். குளோரின் கலந்த கரைப்பான்களால் உலோகப் பாகங்களைத் துடைத்துவிட்டு, அவை உலருமுன் வெல்டிங் செய்தால் அந்த வெப்பத்தில் பாஸ்ஜீன் என்னும் வாயு தோன்றலாம். இது முதல் உலகப்போரில் போர்க்களத்தில் பயன்படுத்தப்பட்ட நச்சு வாயு ஆகும்.

இரண்டாவது வழி கலத்தல். தோல் பதனிடும் தொழிலில் முடி நீக்குவதற்குச் சல்பைடு உப்புகளைப் பயன்படுத்துகின்றனர். அந்தக் கழிவுநீருடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வரும் வாசகர்கள் இதன் அழுகிய முட்டை நாற்றத்தை அறிந்திருப்பர். நகைப் பட்டறையில் நைட்ரிக் அமிலம் செம்பையோ வெள்ளியையோ தொடும்போது எழும் பழுப்புநிறப் புகை நைட்ரஜன் டையாக்சைடு ஆகும். வீட்டிலும் இது நிகழ்வதுண்டு. கழிப்பறையைத் துலக்கும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு உண்டாகிறது.

மூன்றாவது வழி, கட்டுமீறிய வேதிவினை. மூடிய கலத்துக்குள் நடக்கும் வினை தானே வெப்பத்தை உமிழ்ந்து, அவ்வெப்பத்தால் மேலும் விரைந்து, இறுதியில் யாராலும் நிறுத்த இயலாத நிலையை அடைகிறது. உலகம் மறக்கமுடியாத இரண்டு விபத்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

செவேசோ கற்பித்தது

இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே மேதா என்னும் ஊரில் இக்மெசா என்ற வேதித் தொழிற்சாலை இருந்தது. அங்கு ட்ரைகுளோரோஃபீனால் என்னும் இடைப்பொருளைத் தயாரித்தனர். 1976 ஜூலை 10, சனிக்கிழமை. வார விடுமுறைக்காக, வினை முழுமை பெறுமுன்பே கலத்தின் வெப்பமூட்டலையும் கலக்கியையும் நிறுத்திவிட்டுத் தொழிலாளர்கள் சென்றுவிட்டனர். கலத்துக்குள் வெப்பம் மெல்ல ஏறியது. நண்பகலுக்குச் சற்றுப்பின் பாதுகாப்புத் தகடு உடைந்து, ஒரு நச்சு மேகம் வெளியேறித் தென்கிழக்கே நகர்ந்தது. அதன் பாதையில் பெரிதும் பாதிக்கப்பட்ட ஊர் செவேசோ.

தயாரிக்கப்பட்டுவந்த பொருளின் பெயர் அனைவருக்கும் தெரியும். ஆனால் கலம் அளவு கடந்து சூடேறியபோது உள்ளே டையாக்சின் வகையிலேயே மிகக் கொடிய ஒன்று மிகுதியாக உருவாகியிருந்தது. அந்தப் பெயர் ஊராருக்குத் தெரியாது. அடுத்த சில நாள்களில் செடிகளின் இலைகள் கருகின. பறவைகளும் முயல்களும் செத்து விழுந்தன. குழந்தைகளின் தோலில் புண்கள் தோன்றின. டையாக்சின் என்ற சொல் அதிகாரிகளை எட்டுவதற்கு ஏறத்தாழ பத்து நாள்கள் ஆயின. மக்கள் வெளியேற்றப்படத் தொடங்கியது விபத்து நடந்து இரண்டு வாரங்களுக்குப் பின்னரே. மிகுதியும் மாசுபட்ட பகுதியிலிருந்து மொத்தம் 736 பேர் வெளியேற்றப்பட்டனர்.

விபத்தின்போது உடனடியாக எவரும் உயிரிழக்கவில்லை. ஏறத்தாழ 200 பேருக்குக் குளோர்ஆக்னே என்னும் தோல்நோய் உண்டாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். ஊர் முழுவதையும் ஒரே அளவில் ஆபத்தானது என்று கொள்ளாமல், மண்ணில் படிந்த டையாக்சினை அளந்து நிலப்பரப்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்தனர். சதுர மீட்டருக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த பகுதி முதல் மண்டலம், அங்கிருந்தவர்களே வெளியேற்றப்பட்டனர். ஆபத்தை மதிப்பிடுதல் என்பதன் தெளிவான எடுத்துக்காட்டு இது. முதலில் உருவான பொருளை அறிதல், பின்னர் அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று அளத்தல், அதன்பின் யாரைக் காக்கவேண்டும் என்று முடிவெடுத்தல் என்பதே அந்த வரிசை. செவேசோவில் முதற்படியில் நேர்ந்த தாமதம் மற்ற படிகளையும் தாமதப்படுத்தியது.

மற்றொரு செய்தியும் உண்டு. அங்கிருந்த மருத்துவர்கள் பாதிக்கப்பட்டோரிடமிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான குருதி மாதிரிகளை உறைநிலையில் பாதுகாத்து வைத்தனர். அவ்வளவு சிறிய குருதித் துளியில் டையாக்சினை அளக்கும் நுட்பம் அன்று இல்லை. பல்லாண்டுகள் கழித்து அந்நுட்பம் வந்தபோது அம்மாதிரிகளே உண்மையைச் சொல்லின. இவ்வகை டையாக்சினின் அளவு மனித உடலில் பாதியாகக் குறைவதற்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பது இன்று நமக்குத் தெரியும். 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

போபாலில் எழுந்த கேள்வி

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் போபாலில் நடந்ததை நம் நாட்டில் அறியாதவர் இலர். ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. வெப்பம் பெருகி, வாயு வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த நகரின்மேல் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த இரவில் மருத்துவமனைகளுக்கு வந்த மக்களின் கண்கள் எரிந்தன, மூச்சுத் திணறியது. மருத்துவர்களின் முன் நின்ற கேள்வி, அவர்கள் சுவாசித்தது மீத்தைல் ஐசோசயனேட்டை மட்டுமா, அல்லது தொட்டிக்குள் நிகழ்ந்த கடும் வினையில் பிறந்த வேறு பொருள்களையும் சேர்த்தா என்பது. சயனைடும் அதில் அடங்கியிருந்ததா என்பது பல்லாண்டு விவாதமாகவே நீடித்தது. இது ஏட்டளவு விவாதம் அன்று. சயனைடு நச்சுக்குச் சோடியம் தயோசல்பேட் என்னும் மாற்று மருந்து உண்டு; மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. எனவே, “என்ன உருவானது?” என்ற கேள்வியின் விடையே, “எந்த ஊசியைப் போடுவது?” என்ற கேள்வியின் விடையாகவும் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆராய்ந்து, பாதிக்கப்பட்டோருக்குத் தயோசல்பேட் வழங்கப் பரிந்துரைத்தது 1985இன் தொடக்கத்தில்தான். விபத்து நடந்த இரவுக்கும் அந்தப் பரிந்துரைக்கும் இடையே பல வாரங்கள் கடந்துவிட்டன.

நாங்கள் கேட்கும் ஐந்து கேள்விகள்

மருத்துவமனையில் ஒரு நோயாளியின் ஆபத்தை மதிப்பிடும்போது ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுகிறோம்.

ஒன்று, என்ன பொருள்? இருந்த பொருளும் உருவாகியிருக்கக்கூடிய பொருளும் இதில் அடங்கும்.

இரண்டு, எவ்வளவு? வாயுவின் செறிவைப் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 12 மில்லி லிட்டர் மருந்தை ஊற்றிக் கலக்கினால் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவுகூடச் சில வாயுக்களில் ஆபத்தானது. தொழிலிடத்தில் பாஸ்ஜீனுக்கு அனுமதிக்கப்படும் வரம்பு இதிலும் பத்தில் ஒரு பங்குதான்.

மூன்று, எவ்வளவு நேரம்? திறந்தவெளியில் ஒரு மூச்சு இழுத்தவரும், மூடிய அறையில் பத்து நிமிடம் சிக்கியவரும் ஒரே வாயுவைச் சுவாசித்திருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

நான்கு, எந்த வழியாக? மூச்சின் வழியா, தோலின் வழியா, கண்ணின் வழியா, வாயின் வழியா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். உடையில் ஊறிய நச்சு, மருத்துவமனைக்கு வந்தபின்னும் தோல் வழியே உள்ளே சென்றுகொண்டிருக்கும்.

ஐந்து, யார்? குழந்தைகள் தம் உடல் எடையுடன் ஒப்பிடுகையில் பெரியவர்களைவிட அதிகமாகக் காற்றை உள்ளிழுக்கின்றனர். காற்றைவிடக் கனமான வாயுக்கள் தரையை ஒட்டித் தங்குவதால் உயரம் குறைந்த அவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமாவும் இதயநோயும் உள்ளோர் ஆகியோரையும் தனிக் கவனத்துடன் பார்க்கிறோம்.

இந்த ஐந்தில் இரத்தப் பரிசோதனையால் முழுமையாக விடை காணக்கூடியது ஒன்றுமில்லை. விடையின் பெரும்பகுதி உடன் இருந்தவர் சொல்லும் செய்தியில் உள்ளது. குடும்பத்தாரையும் சக தொழிலாளரையும் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

மூக்கு நல்ல அளவுகோல் அன்று

“நாற்றம் இப்போது இல்லை டாக்டர், வாயு போய்விட்டது” என்று சிலர் கூறுவர். இது தவறான ஆறுதலாக முடியலாம். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் கடுமையாக நாறும்; பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகர்வு நரம்பையே மழுங்கச் செய்துவிடும். அப்போது நாற்றம் நின்றுபோனதற்குக் காரணம், வாயு குறைந்தது அன்று, கூடியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாஸ்ஜீனுக்குப் புதிதாய் வெட்டிய புல்லின் மணம் உண்டு. ஆனால் அம்மணத்தை மனிதர் உணரத் தொடங்கும் அளவு, பாதுகாப்பான வரம்பைப்போல் பல மடங்கு மிகுந்தது. சயனைடின் வாதுமை மணத்தை முகரும் திறன் பிறவியிலேயே இல்லாதவர்கள் நம்மிடையே உள்ளனர்.

“நன்றாகத்தானே பேசுகிறார், ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?”

வேதி விபத்துக்குப்பின் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. வந்த நோயாளி இருமல் அடங்கி, எழுந்து அமர்ந்து, தேநீர் கேட்கிறார். மார்பு ஊடுகதிர்ப் படமும் சரியாக உள்ளது. வேலை நாளும் கூலியும் வீணாகின்றனவே என்ற கவலை குடும்பத்தாருக்கு. அது நியாயமான கவலையே. ஆயினும் சில வேளைகளில், ஓர் இரவேனும் தங்கியே ஆகவேண்டும் என்று நாங்கள் உறுதியாக நிற்கிறோம். அதன் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறோம்.

வாயுக்கள் நீரில் கரையும் தன்மையில் வேறுபடுகின்றன. அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் நீரில் எளிதாகக் கரைபவை. அவை கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தில் உடனே கரைந்து எரிச்சலை உண்டாக்கும். அந்த எரிச்சலே மனிதரை விரட்டி வெளியேற்றிக் காப்பாற்றவும் செய்யும். பாஸ்ஜீனும் நைட்ரஜன் டையாக்சைடும் நீரில் எளிதில் கரையாதவை. அவை மேல் மூச்சுப்பாதையைப் பெரிதாக உறுத்தாமல் நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றறைகள்வரை செல்கின்றன. அங்கு மெல்லிய சவ்வைச் சிதைக்கின்றன. அச்சிதைவு முற்றி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகலாம். 24 மணி நேரமும் ஆகலாம். அரிதாக அதற்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட நேரத்தில் நோயாளி நலமாகவே தோன்றுவார். அந்நேரத்தில் அவர் மாடிப்படி ஏறினாலோ, சைக்கிள் மிதித்தாலோ, பாரம் தூக்கினாலோ நிலை விரைந்து மோசமாகக் கூடும். படுக்கையில் ஓய்வாக இருக்கச் சொல்வதும் சிகிச்சையே என்பதைக் குடும்பத்தார் உணரவேண்டும்.

தீப்புகையைச் சுவாசித்தவரிடம் இன்னொரு மயக்கம் நேரும். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்றோ 99 என்றோ காட்டும். கார்பன் மோனாக்சைடு குருதியில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் கருவி அதனை ஆக்சிஜன் என்றே தவறாகக் கணிக்கிறது. கருவி காட்டும் எண் நன்றாக இருந்தும் முகமூடி வழியே ஆக்சிஜனை நாங்கள் தொடர்ந்து செலுத்துவதற்கு இதுவே காரணம். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர் உடலில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகக் குறைகிறது. அருகில் இருப்பவர்கள் இரக்கப்பட்டு முகமூடியைக் கழற்றிவிட வேண்டா என்று வேண்டுகிறோம்.

விபத்து நடந்த இடத்தில் செய்யவேண்டியவை

காற்று வீசும் திசையை முதலில் கவனியுங்கள். வாயு மேகத்தின் முன்னே அதே திசையில் ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். பள்ளமான இடங்களில் ஒதுங்காதீர்கள். கனமான வாயு அங்கேதான் தேங்கும். வெளியேற இயலாவிட்டால் வீட்டுக்குள் சென்று கதவு, சன்னல்களை மூடி, ஏசியையும் காற்று வெளியேற்றும் விசிறியையும் நிறுத்தி, கதவிடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுங்கள்.

தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ கழிவுநீர்க் குழிக்குள்ளோ ஒருவர் மயங்கி விழுந்தால், தக்க சுவாசக் கருவி இன்றிப் பின்னால் இறங்கவே கூடாது. ஒருவரைக் காக்க மற்றொருவர் இறங்கி, அவரைக் காக்க மூன்றாமவரும் இறங்கி, ஒரே வீட்டில் பலர் மாண்ட துயரங்கள் நிகழ்ந்துள்ளன. முகத்தில் கட்டிய ஈரத்துண்டு கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரஜன் சல்பைடையோ தடுக்காது. தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும் ஆம்புலன்சை 108 என்ற எண்ணிலும் அழையுங்கள்.

வெளியே கொண்டுவரப்பட்டவரின் உடைகளைக் களையுங்கள். உடலில் படிந்த நச்சின் பெரும்பகுதி உடையுடனேயே நீங்கிவிடும். தலைவழியாக உருவாமல் கத்தரித்து எடுப்பது நல்லது. பின்னர் ஓடும் நீரால் கண்களையும் தோலையும் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். அந்த உடைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். உதவுபவரும் கையுறை அணிந்துகொள்ள வேண்டும். பால், புளிக்கரைசல், உப்புநீர் முதலியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய வேண்டா. அமிலத்தின்மேல் சுண்ணாம்பையோ சோடா உப்பையோ கொட்டி முறிக்க முயலவும் வேண்டா. அந்த வினையின் வெப்பமே தோலை மேலும் சுடும்.

மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டிய ஒரு தாள்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அதைத் தயாரித்தவர் வழங்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு. இது 16 பகுதிகளைக் கொண்டது. நான்காம் பகுதியில் முதலுதவியும், ஐந்தாம் பகுதியில் எரியும்போது வெளிப்படும் ஆபத்தான பொருள்களும், பத்தாம் பகுதியில் அப்பொருள் எவற்றுடன் சேரக்கூடாது, சிதைந்தால் என்னவாக மாறும் என்பனவும் கூறப்பட்டிருக்கும். இக்கட்டுரை முழுவதும் நாங்கள் பேசிவரும் “உருவான பொருள்” என்ற கேள்விக்கு அந்த ஐந்தாம், பத்தாம் பகுதிகளே முதல் துப்பு. தாள் கிடைக்காவிட்டால் பீப்பாயின்மேல் உள்ள பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். ஆனால் அதற்காக ஆபத்தான இடத்துக்குள் மறுபடியும் நுழையாதீர்கள்.

உடன் வருபவர் இவற்றை நினைவில் கொண்டு சொன்னால் எங்களுக்குப் பேருதவியாகும்: விபத்து நேர்ந்த நேரம், புகையின் நிறம், நாற்றம், அறை மூடியதா திறந்ததா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், நினைவு தப்பியதா, அதே இடத்தில் வேறு யாருக்கு என்ன நேர்ந்தது, ஏற்கெனவே உள்ள நோய்களும் உட்கொள்ளும் மருந்துகளும் எவை. நச்சுகள் குறித்த ஐயங்களுக்குப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

வீடு திரும்பிய பின்னர்

வீடு திரும்பியதும் விபத்து முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. முதல் இரண்டு நாள்களில் மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், நுரையோடு சளி, உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் இரவென்றும் பாராமல் உடனே வாருங்கள். நைட்ரஜன் டையாக்சைடைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு முதலில் குணமாகி, சில வாரங்கள் கழித்து மறுபடி காய்ச்சலும் இருமலும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. சிறு மூச்சுக்குழல்கள் வடுவாகிச் சுருங்குவதன் அறிகுறி அது. கார்பன் மோனாக்சைடால் மயங்கித் தெளிந்தவர்களில் சிலருக்குச் சில நாள்களோ வாரங்களோ கழித்து மறதி, நடையில் தள்ளாட்டம், இயல்புக்கு மாறான நடத்தை ஆகியன தோன்றலாம். இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டில் உள்ளவர்களே. அவ்வாறு கண்டால், முன்பு நேர்ந்த விபத்தைத் தவறாமல் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

மருத்துவமனை தரும் வெளியேற்றச் சுருக்கத்தையும் படங்களையும் பரிசோதனை முடிவுகளையும் பல்லாண்டுகள் பத்திரமாக வையுங்கள். விபத்தின் நாள், இடம், பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். செவேசோவில் உறையவைத்த குருதித் துளி பிற்காலத்தில் விடை சொன்னதுபோல், இன்று நீங்கள் காக்கும் தாள் நாளை ஒரு மருத்துவருக்கு வழிகாட்டலாம்.

அச்சத்தையும் அளந்து பார்க்க வேண்டும்

ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவது உயிரைப் பறிக்கும். மிகைப்படுத்துவதும் துன்பம் விளைவிக்கும். செவேசோவில் கருவுற்றிருந்த பெண்களுள் சிலர், பிறக்கும் குழந்தை ஊனமுறுமோ என்ற அச்சத்தால் கருக்கலைப்புச் செய்துகொண்டனர். அக்கருக்களை ஆராய்ந்தபோது டையாக்சினால் விளைந்த உருக்குறை எதுவும் உறுதிப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அப்பகுதியில் பிறந்த குழந்தைகளிடையேயும் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகக் காணப்படவில்லை. அதே வேளையில், நீண்டகாலக் கண்காணிப்பில் மாசு மிகுந்த மண்டலங்களில் வாழ்ந்தோரிடையே குருதி, நிணநீர் சார்ந்த சில புற்றுநோய்கள் கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. இரண்டும் உண்மையே. எனவே, “ஒன்றும் ஆகாது” என்றோ, “எல்லாம் போயிற்று” என்றோ அண்டை அயலார் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டா. குறிப்பாகக் கருவுற்ற தாய்மார்கள் மகப்பேறு மருத்துவரிடம் மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் முன்வைத்து, தம் நிலையைக் கேட்டறிய வேண்டும்.

அறிந்துகொள்வது உங்கள் உரிமை

செவேசோ விபத்தின் பின் ஐரோப்பியச் சமூகம் 1982இல் பெருவிபத்து ஆபத்துகள் குறித்த ஆணையை இயற்றியது. அது இன்றும் செவேசோவின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. போபாலின் பின் நம் நாட்டில் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989இல் அபாயகரமான வேதிப்பொருள்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் குறித்த விதிகளும் வந்தன. இவ்விதிகளின்படி, பெரும் ஆபத்துள்ள தொழிற்சாலைகள் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை வகுத்திருக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்யவேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்கவும் விதி உண்டு.

ஆகவே, இத்தகைய ஆலையின் அருகே வாழ்வோரும் அதில் பணிபுரிவோரும் விபத்துக்கு முன்பே இரண்டு செய்திகளைக் கேட்டறிந்து, வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் எழுதி ஒட்டிவைப்பது நலம். அங்கே என்ன பொருள் இருக்கிறது என்பது ஒன்று. அது எரிந்தாலோ, நனைந்தாலோ, பிறவற்றுடன் கலந்தாலோ என்னவாக மாறும் என்பது மற்றொன்று. அந்த இரண்டு வரிகளோடு நீங்கள் எங்கள் வாயிலுக்கு வந்தால், சிகிச்சையைத் தொடங்க நாங்கள் விடை தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை.